பயிற்சி இடாப்பு

பாசிக்குடா ஹோட்டலில் மூன்றாவது நாளாகக் கூட்டம் இழுபட்டது. நீர், மின்சார ஊழியர்களுக்கான பயிற்சியைத் திட்டமிடும் குழு அது. கூட்டம் என்றால் மேலிடம் மண்டபச் செலவு தராது, பயிற்சி என்றால் தரும். அதனால் குழுவினர் தினமும் காலையில் பயிற்சி இடாப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

"நாம பழக்கிவிட்டா அவனுகள் கட்டாருக்கு ஓடுறானுகள். என்ன செய்யிற?" தலைவர் முகைதீன்பாவா மூன்று நாளாகப் பாடிய அதே பல்லவி.

பொறியியலாளர் உதயரூபனுக்குக் கண் சொருகியது. கூட்டம் எப்படியாவது முடிந்தால் போதும் என்று வாயைத் திறந்தான்.

"ஒரு நாள் பயிற்சி எடுத்தாலும் அஞ்சு வருஷத்துக்கு வேலைய விட ஏலாது எண்டு போடுங்க சேர். இந்த மாசப் பயிற்சியிலிருந்தே."

எல்லோரும் கைதட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது. கூட்டமும் கலைந்தது.

மண்டபம் காலியானதும் உதயரூபன் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து நீட்டினான்.

"குறை நினைக்காதீங்க சேர். எனக்கும் கட்டார் விசா வந்திட்டு. ராஜினாமாக் கடிதம்."

முகைதீன்பாவா உறையைத் தொடவில்லை. இடாப்பைத் திறந்து அவன் பக்கம் திருப்பினார்.

"மூணு நாளும் வடிவாச் சைன் வெச்சிருக்கீங்களே, தம்பி."