மூலையில் பை இல்லை

"ஜெயிச்சிட்டோம்!" என்று பெயிண்டர் துடைப்பத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். தெருமுனையில் இன்றும் குப்பைப் பை இல்லை. நேற்றும் இல்லை, முந்தாநாளும் இல்லை.

தையல்காரம்மா இடுப்பில் கைவைத்து அந்த மூலையைக் கண்குளிரப் பார்த்தாள். ஆறு மாதத்துக்கு முன்னால், மூக்கைப் பிடிக்காமல் தாண்ட முடியாத இடம் அது. தெருக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து பதினோரு வண்டிக் குப்பையை அள்ளினார்கள். பூந்தொட்டி வைத்தார்கள். 'இங்கே குப்பை போடாதீர்கள்' என்று பலகை எழுதி, புகார் சொல்ல அவளுடைய போன் நம்பரையும் அதில் போட்டார்கள்.

அப்படியும் போட்டால், பையைப் பிரிப்பார்கள். உள்ளே பில்லோ கடிதமோ கிடைக்கும். விலாசத்தைப் பார்த்து, அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "உங்க பொருளைத் தவறவிட்டுட்டீங்க" என்று பையைத் திருப்பிக் கொடுப்பார்கள். இரண்டு முறை தட்டினால் போதும், யாருக்கும் ரோஷம் வந்துவிடும்.

ஒருவருக்கு மட்டும் வரவில்லை. கடைசி வீட்டில் தனியாக இருக்கும் கடிகாரக்காரர். கடையை மூடி வருஷக்கணக்காகிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. விடிந்தால் மூலையில் அவருடைய சின்னப் பை. பிரித்தால், எல்லாவற்றுக்கும் மேலே, கசங்காமல் ஒரு கவர். அதில் அவர் விலாசம்.

"கடிகாரத்தையெல்லாம் பிரிச்சு மேஞ்ச மனுஷன். ஒரு கவரைக் கிழிச்சுப் போடத் தெரியலையே!" என்று பெயிண்டர் சிரிப்பார்.

தினமும் தையல்காரம்மாதான் போய்த் தட்டுவாள். அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு உடனே கதவைத் திறப்பார். பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்.

"தப்புதாம்மா. உள்ள வந்து ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போயேன்."

"டீயெல்லாம் வேணாங்கய்யா. நாளைக்குப் போடாம இருங்க, அது போதும்."

"நாளைக்கும் நீதானே வருவே?"

"பாத்தீங்களா! நாளைக்கும் போடுறதா உத்தேசம்!"

மூன்று நாளைக்கு முன்னால் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. நாலு பேர் கேட்க வாசலிலேயே சத்தம் போட்டாள். "வயசுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கக் கூடாதாங்கய்யா? வேலைவெட்டி இல்லாமலா நாங்க உங்க கதவைத் தட்டிக்கிட்டு இருக்கோம்?"

அன்று அவர் டீ குடிக்கக் கூப்பிடவில்லை. பையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

மறுநாளிலிருந்து பை நின்றுபோயிற்று.

"நீங்க போட்ட போடுல ஆளு அடங்கிட்டாரு" என்றார் பெயிண்டர்.

"கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன், பாவம்" என்றாள் தையல்காரம்மா. "ஒரு நாள் போய் அந்த டீயைக் குடிச்சிட்டு வரணும். இன்னைக்கு முடியாது, துணி மலையாக் குவிஞ்சு கிடக்கு."

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"குப்பை அக்காவா?" ஒரு பெண்ணின் குரல், வெகுதூரத்திலிருந்து. "கடிகாரக்காரர் பொண்ணு பேசறேன். உங்களை அப்பா அப்படித்தான் சொல்வாரு, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த நம்பரையும் அவர்தான் குடுத்தாரு."

அப்பாவைத் திட்டியதற்கு மகள் சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து, "சொல்லும்மா" என்றாள் தையல்காரம்மா இறங்கிய குரலில்.

"ரெண்டு நாளா அப்பா போன் எடுக்கலக்கா. எனக்குப் பெருசா பயம் இல்ல. முன்ன ஒரு தடவை மயங்கி விழுந்து ராத்திரி பூரா தரையிலேயே கிடந்தாரு. கேட்டு நான் துடிச்சுப் போயிட்டேன். 'அழாதே, நான் ஒரு வழி பண்ணி வெச்சிருக்கேன்'னாரு."

"என்ன வழி?"

"'காலையில மூலையில ஒரு பை வெப்பேன். வெச்சா அந்த அக்கா வந்து கதவைத் தட்டும். என்னைக்காவது வெக்கலேன்னா, என்னமோ ஏதோன்னு தெருவே வந்து தட்டும்'னு சொன்னாரு."

பெயிண்டர் இன்னும் சிரித்துக்கொண்டே பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தையல்காரம்மாவின் கண் கடைசி வீட்டுக்குப் போயிற்று. கதவு சாத்தியிருந்தது.

"அக்கா, கேக்குதா? தட்டினீங்கதானே?"