கீரி வாங்கிக் கொடுத்த சட்டை

ஓடைக்கரைப் பாறைக்குப் பின்னால், ஒருவர் கண்ணும் படாத இடம் பார்த்துத்தான் சாரைப்பாம்பு சட்டை உரித்தது. அதை ஒரு காக்கை தூக்கிவந்து, ஊரே பார்க்கிற மாதிரி கருவேலங்கிளையில் தொங்கவிட்டது.

கூட்டம் கூடிவிட்டது. "பொந்துக்குள்ளயே உரிச்சிருக்கக் கூடாதா?" என்றது தவளை. "ஐயோ பாவம்!" என்ற மைனா, பறந்துபோய் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தது. சாரை மூன்று நாளாக வெளியே வரவில்லை, இரைகூட எடுக்கவில்லை.

காக்கைக்குத் தலைகால் புரியாத குஷி. நேரே கீரியிடம் போனது.

"கீரியக்கா, உங்க எதிரியோட சட்டை! வந்து பாருங்க, சிரிச்சே வயிறு வலிச்சிடும்."

கீரி வந்தது. கூட்டத்தைப் பார்த்ததுமே அதற்கு எரிச்சல். சட்டைப் பக்கம் திரும்பாமல் காக்கையைப் பார்த்தது.

"அவதான் மறைவா உரிச்சாளே. அங்க உனக்கு என்னடா வேலை?"

"சும்மா கிடந்துச்சு, எடுத்தேன்..."

"அவ உரிச்சு முடிக்கிற வரைக்கும் எங்க உக்காந்திருந்த?"

காக்கை கிளையின் மறுகோடிக்கு நகர்ந்தது. தவளைக்குச் சட்டென்று குளத்தில் ஏதோ வேலை ஞாபகம் வந்தது. மைனா, தான் கூட்டிவந்தவர்களையே தெரியாத மாதிரி நின்றது.

கீரி சட்டையை இறக்கிக் கவ்விக்கொண்டு போய்ப் பொந்து வாசலில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. சட்டை மெல்ல உள்ளே இழுபட்டது.

"அப்போ நம்ம சண்டை?" என்று உள்ளிருந்து கேட்டது சாரை.

"அது அப்படியேதான் இருக்கு. முதல்ல நீ வெளிய வா, நேருக்கு நேர் வச்சுக்கலாம்."