சபை மாற ஒரு காரணம்

“கோயில் கட்டடம் உங்க பேர்லதானே இருக்குது? எடுத்துக்கங்கய்யா. நாங்க சபை மாறுறது மாறுறதுதான்!”

உதயகுமார் இப்படிச் சொன்னதும், காபி டம்ளரைக் கீழே வைத்தார் போதகர் ஆனந்தராஜ்.

செவிலிமேட்டின் அந்தச் சின்ன பிரெஸ்பிட்டேரியன் சபை, தாய்ச்சபையை விட்டு வேறொரு சபையோடு சேரப்போவதாகச் சென்னைக்குச் செய்தி போயிருந்தது. இன்று ஆராதனை முடிந்ததும் ஓட்டெடுப்பு. அதற்குள் பேசி மடக்கிவிடுங்கள் என்று மேலிடமான பிரெஸ்பிட்டரி ஆனந்தராஜை அனுப்பியிருந்தது. பேசி மடக்குவதில் அவர் கெட்டிக்காரர் என்று பெயர். அந்தப் பெயரை மற்றவர்களைவிட அவர்தான் அதிகம் நம்பினார்.

சபை சார்பில் பேச வந்தவர் உதயகுமார். ஒரகடம் கம்பெனியில் சூப்பர்வைசர். மெதுவாகப் பேசியே பழக்கமில்லாத குரல்.

“நீங்களே கல்லும் மண்ணும் சுமந்து கட்டின ஆலயம் பிரதர். இதை விட்டுட்டு எங்கே போய் ஆராதனை நடத்துவீங்க?”

“பக்கத்துல தறிக்காரர் வீரபாகு அண்ணன் ஷெட்டைத் தரேன்னுட்டாரு. ஞாயித்துக்கிழமை காலையில தறியை நிறுத்திக்கிறாராம். ஆண்டவர் அங்கேயும் வருவாருங்க.”

“உபதேசத்துல ஏதாவது மனஸ்தாபமா?”

“சேச்சே! அங்கேயும் இதே பைபிள், இதே பாட்டு, இதே மாதிரி மூப்பர்ங்க. ஒண்ணே ஒண்ணுதான் வித்தியாசம். அங்க பொம்பளைங்க மூப்பரா ஆவலாம். இங்க ஆவக்கூடாது.”

விஷயம் அதுதான். அவர்கள் சபையில் போதகர் மட்டும் ராஜா கிடையாது. வீடு வீடாகப் போய் விசாரிக்கவும், நோயாளிக்காக ஜெபிக்கவும், திருவிருந்து நாளில் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் உட்கார்ந்திருப்பவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கவும் மூப்பர்கள் உண்டு. அவர்களைச் சபையார்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த முறை சந்தியா என்ற பெண்மணியைத் தேர்ந்தெடுத்தார்கள். பெண் என்பதால் செல்லாது என்று பிரெஸ்பிட்டரி சொல்லிவிட்டது.

“ஒரு பொம்பளைக்காக ஆலயத்தையே விடணுமா பிரதர்?”

“அவங்களுக்காக இல்லீங்க, எங்க ஓட்டுக்காக. மூப்பரைச் சபைதான் தேர்ந்தெடுக்கணும்னு சின்ன வயசுலேர்ந்து எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதானே? நாங்க தேர்ந்தெடுத்தா அந்தப் பேரை நீங்க அடிச்சுடறீங்க. அப்ப நாங்க இன்னா விளையாட்டுக்கா ஓட்டுப் போட்டோம்?”

இவ்வளவு ஆவேசம் சும்மா வராது என்று ஆனந்தராஜின் அனுபவம் சொன்னது. குரலில் தேன் தடவிக்கொண்டார்.

“சந்தியா உங்க சம்சாரமா?”

“இல்லீங்க.”

“தங்கச்சியா?”

“சொந்தமே கிடையாதுங்க. சொல்லப்போனா எங்க ரெண்டு பேருக்கும் ஆவாது. கிறிஸ்மஸுக்கு எந்தப் பாட்டு பாடறதுன்னு வருஷா வருஷம் சண்டை.”

அப்படியானால் இந்த மனுஷனுக்கு வேறு ஆசை என்று முடிவு கட்டினார் ஆனந்தராஜ்.

“மண்டலக் கமிட்டியில உங்களை மாதிரி பேசத் தெரிஞ்ச ஒருத்தர் தேவைப்படுது. நான் ஒரு வார்த்தை சொன்னா போதும்...”

உதயகுமார் வாய்விட்டுச் சிரித்தார். “பதவி மேல ஆசையில்லன்னு சொன்னா பொய்யிங்க. நிறையவே இருக்குது. ஆனா இப்படி வேணாம். வாங்க, ஜனங்க காத்துக்கினு இருக்காங்க.”

சந்தியா கூட்டத்தில் இல்லை. நெஞ்சுவலியில் சேர்த்திருந்த ஒரு சபைப் பெரியவருக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தார். ஓட்டெடுப்பு சட்டென்று முடிந்துவிட்டது. மாறலாம் என்றபோது எல்லாக் கைகளும் உயர்ந்தன. வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றபோது ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

ஆனந்தராஜுக்கு அவமானமாக இருந்தது. ஆட்டோ வரை வழியனுப்ப வந்த உதயகுமாரிடம் ஆற்றாமையோடு கேட்டார்:

“சந்தியா எலெக்‌ஷனை ரத்து பண்ணிட்டு, அவங்ககிட்ட தோத்தவரைத்தானே எங்க ஆபீஸ் மூப்பரா அறிவிச்சுது? புது சபைக்குப் போனா அந்த மனுஷன் பதவி போயிடுமே! முதல்லயே அவர் யாருன்னு விசாரிச்சு, பார்த்துப் பேசியிருந்தா பாதி சபையை நம்ம பக்கம் இழுத்திருப்பாரு. தப்பு பண்ணிட்டேன் பிரதர்.”

“இன்னா தப்புங்கய்யா?” என்றார் உதயகுமார், ஆட்டோவுக்குள் அவர் பையை வைத்துக்கொண்டே. “காலையிலேர்ந்து அவர்கிட்டதானே பேசிக்கினு இருக்கீங்க!”