நடுவில் நின்ற புள்ளி

"நின்ன இடத்துலேர்ந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைக் கார் எத்தனை நொடியில தொடுதுன்னு இது காட்டும் சார். தொட்டதும் விசில் அடிக்கும்."

கார் சாமான் கடைக்காரர் முதல் கருவியை மேஜைமேல் வைத்தார். சோப்புக்கட்டி அளவுதான் இருந்தது.

"விசிலை அணைக்க முடியுமா?" என்று கேட்டார் அக்காவின் கணவர்.

கூட வந்திருந்த மச்சானுக்கு, அக்காவின் தம்பிக்கு, பற்றிக்கொண்டு வந்தது. அக்கா ஆஸ்பத்திரி வார்டில் நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்கிறாள். வீட்டுக்குப் போனால் இரட்டைக் குழந்தைகள் கண்ணை மூட விடுவதில்லை. இவருக்கோ, தொந்தி போட்ட வயதில், பந்தயக்காரப் பையன்களின் விளையாட்டுச் சாமான் கேட்கிறது.

"அக்காவுக்குத் தெரியாம ஊரைச் சுத்தவா மாமா?"

"அவளுக்குத் தெரியக் கூடாதுதான்" என்றார் மாமா, நிமிராமல்.

இரண்டாவது கருவி இன்ஜினின் சக்தியைச் சொல்லுமாம். அதையும் தள்ளிவைத்தார்.

மூன்றாவதன் திரையில் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள். நடுவே ஒரு பச்சைப் புள்ளி. சடாரென்று பிரேக் போட்டாலோ, வெட்டித் திருப்பினாலோ புள்ளி ஓடும். அதை வெளிவட்டம் வரை விரட்டுவதுதான் பையன்களுக்குப் பெருமை என்றார் கடைக்காரர்.

"சின்ன ஆட்டம்கூடத் தெரியுமா?"

"எறும்பு தும்மினாலும் தெரியும் சார்."

"சத்தம்?"

"இதுக்கு வாயே கிடையாது."

"இதையே கொடுங்க."

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது பொழுது சாய்ந்து, மழை தூறிக்கொண்டிருந்தது. தெருவிளக்குகள் கண்ணாடியில் மஞ்சளாகக் கரைந்து வழிந்தன. அக்கா முன் இருக்கையில் ஏறினாள். பின்னால் தம்பியைப் பார்த்து, "நீ எங்கடா இங்கே?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"மாமா என்ன வாங்கியிருக்கார் பாருக்கா" என்று தொடங்கினான் மச்சான்.

மாமா உதட்டில் விரலை வைத்தார்.

அக்காவின் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. கார் இன்னும் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை.

ஈரச் சாலையில் கார் படகுபோல மிதந்தது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருந்த கருவியில் பச்சைப் புள்ளி நடுவிலேயே நின்றது. பாலத்தை ஒட்டிய திருப்பத்தில் மட்டும் அது லேசாக நடுங்கியது. மாமா காலைத் தளர்த்தினார். புள்ளி திரும்ப நடுவில் வந்து உட்கார்ந்தது.

"தினமும் இங்கேதான் முழிச்சுக்குவா" என்றார் மாமா, மூச்சுக்காற்றில். "எங்கே குலுக்கறேன்னு எனக்கே பிடிபடலை. ஒரு நாளைக்கு அவ நிம்மதியாத் தூங்கறது இந்த வழியில மட்டும்தான்."

மச்சான் தன் போனை எடுத்து, அதன் வாயையும் அடைத்தான்.

வீட்டு வாசல் விளக்கு தெரிந்ததும் மாமாவின் காதருகே குனிந்தான்.

"பதமா நிறுத்தி என்னை மட்டும் இறக்கி விடுங்க மாமா. வாண்டுகளை நான் பாத்துக்கறேன். நீங்க ஊரைச் சுத்திட்டு மெதுவா வாங்க."