ஐந்தாவது குற்றம்

"ஒன்று: திங்கட்கிழமை, பயிற்சி ஆசிரியை என் மகளின் பிஸ்கட் டப்பாவை வேண்டுமென்றே இறுக்கி மூடிக் கொடுத்தார். பிள்ளை தவித்ததை வேடிக்கை பார்த்தார்.

"இரண்டு: செவ்வாய், படம் வரையக் காகிதம் கொடுத்தார். பென்சில் கொடுக்கவில்லை.

"மூன்று: புதன், தண்ணீர் பாட்டிலை எட்டாத உயரத்தில் வைத்தார்.

"நான்கு: வியாழன், வலது கால் செருப்பை இடது காலில் மாட்டினார்.

"ஐந்து: இன்று வெள்ளி. 'ராசா' என்று வேறொரு பையனின் பெயர் அட்டையை அவள் கழுத்தில் தொங்கவிட்டார்."

மனுக்காரர் வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். 'மனுக்காரர்' என்பது ஊர் வைத்த பெயர். முப்பது வருஷமாக யாருக்காவது மனு எழுதுகிறவர். சாட்சியில்லாத மனு எந்தக் குப்பைத் தொட்டியில் போய் விழும் என்று பட்டறிந்தவர். அதனால் பஸ் டிரைவர் ஒருவரையும் அச்சகக்காரர் ஒருவரையும் கையோடு கூட்டி வந்திருந்தார். ஐந்து நாளும் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று அவரே குறித்தெடுத்த குற்றங்கள் இவை.

சுவரோரப் பெஞ்சில் அவருடைய ஏழு வயது மகள் காலாட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் 'ராசா'.

துறைத்தலைவி எதிரே நின்ற மாணவியைப் பார்த்தார். சிறப்புக் கல்வியில் முதுகலை, கடைசி வருஷம். பயிற்சி முடிய இன்னும் மூன்று வாரம்.

"என்னம்மா சொல்றே?"

"எல்லாம் உண்மைதான் மேடம்."

டிரைவர் அச்சகக்காரரின் காதில் கிசுகிசுத்தார். "சண்டை நடக்கும்னு லீவு போட்டுட்டு வந்தேன்யா."

மாணவி தன் பயிற்சி நோட்டை மனுக்காரர் பக்கம் நகர்த்தினாள். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். அவருடைய ஐந்து குற்றங்களும் அதே வரிசையில், அதே தேதிகளில் இருந்தன. போன வாரமே எழுதியவை. பக்கத்தில் இன்னொரு கட்டம்: 'எப்படிக் கேட்டாள்?'

திங்கள்: என் முகத்தைப் பார்த்தாள். செவ்வாய்: கையைப் பிடித்து இழுத்தாள். புதன்: விரல் நீட்டினாள். வியாழன்: இல்லை என்று தலையாட்டினாள்.

வெள்ளி காலியாக இருந்தது.

"எல்லாத்தையும் நாமளே எடுத்துக் கொடுத்துட்டா, அவ எதுக்கு சார் கேக்கணும்?"

"பேச்சு வராத பிள்ளைகிட்ட வித்தை காட்டுறியா? மேடம், இந்தப் பொண்ணு டீச்சரே ஆகக் கூடாது. மனுவை எடுத்துக்குங்க."

"எடுத்துக்கிட்டா இவ பயிற்சி ரத்து. பட்டம் கிடைக்காது. யோசிச்சீங்களா?"

"யோசிக்காம நான் கையெழுத்து போடுறதில்லை."

துறைத்தலைவி பேனாவைத் திறந்தார். "சரி. பிள்ளையோட பேரைச் சாட்சிங்க முன்னாடி சொல்லுங்க, எழுதிக்கறேன்."

மனுக்காரர் வாயைத் திறந்தார்.

"நீங்க சொல்லாதீங்க சார்," என்றாள் மாணவி.

"ஏன்?"

"அது அவ பேரு."

"அவ எப்படிம்மா சொல்லுவா? யார் கேட்டாலும் அவளுக்குப் பதிலா நான்தானே..."

அச்சகக்காரர் தரையைப் பார்த்தார். 'வாயற்றவர்களின் வாய்' என்று மனுக்காரரின் படத்துக்குக் கீழே எத்தனையோ நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவர்.

"பத்து வரைக்கும் மனசுக்குள்ள எண்ணுங்க சார். அது போதும்."

மைக் இல்லாமல் ஆலை வாசலில் மூன்று மணி நேரம் முழங்கியவர். மகள் முன்னால் பத்து எண்ணும் நேரம் வாயை மூடியிருந்ததில்லை. தாகமெடுக்குமுன் தண்ணீர், பார்க்குமுன் பொம்மை. எண்ண ஆரம்பித்தார்.

மூன்று. மகள் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினாள். நான்கு. எழுந்து வந்து அதை மேசையில் கவிழ்த்து வைத்தாள். ஆறு. மாணவி கொண்டு வந்திருந்த பெயர் அட்டைப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள். எட்டு. ஒன்றை எடுத்தாள். எழுத்துக்கடியில் விரலை வைத்தாள்.

மனுக்காரர் கையிலிருந்த மனு கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

ஒன்பது.

அவர் ஆசையாக வைத்த செல்லப்பெயர்தான். அவள் வாயால் அவர் கேட்டதேயில்லை. விரல் மெல்ல நகர, இரண்டு சாட்சிகளுக்கும் கேட்கும்படி மகள் வாசித்தாள்:

"சி... ட்டு."