பாம்பின் படம்

ஆளில்லாத தீவு ஒன்றில் கேமராவோடு ஒருவன் படகிலிருந்து இறங்கினான்.

வளைக்குள் இருந்தபடியே எலி, நல்லபாம்பிடம் சொன்னது: "அண்ணே, படம் எடுக்க வந்திருக்கானாம்."

"இங்கே படம் எடுக்கிறவன் நான் ஒருத்தன்தானே?"

சந்தேகத்தோடு பாம்பு அவன் பின்னாலேயே ஊர்ந்து, அவன் கழுத்தையே கவனித்தது. கொக்குக்கு முன்னால் குனிந்தான், அலைக்கு முன்னால் குனிந்தான், கழுத்து விரியவில்லை. பொறுக்காமல் எதிரே போய்த் தன் படத்தை விரித்துக் காட்டியது. கேமரா 'க்ளிக்' என்றது. அவன் சந்தோஷமாகப் படகேறினான்.

"அவன் படமே எடுக்கலையேடா" என்றது பாம்பு.

"உங்க படத்தை எடுத்தாச்சுன்னு படகுக்காரன்கிட்ட சொன்னானே அண்ணே."

அன்றிலிருந்து எலியைக் கண்டால்கூட, பாம்பு முதலில் படத்தை விரித்து, அது இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறது. அதற்குள் எலி வளைக்குள் போய்விடுகிறது.