மூன்றாவது போட்டோ

தாம்பரம் கல்யாண மண்டப மேடையில், சேவைச் சங்கம் தரும் தையல் மிஷினை ஜஹீரா மூன்றாம் தடவையாக வாங்குகிறாள். முதல் தடவை ஃபிளாஷ் வேலைசெய்யவில்லை. அடுத்த தடவை சங்கத் தலைவர் சம்பத் கண்ணை மூடிவிட்டார். "இன்னும் நல்லா குனிஞ்சு வாங்கும்மா," என்கிறார் போட்டோகிராபர். ஜஹீரா முக்காட்டை இழுத்துச் செருகுகிறாள். மிஷினில் கட்டிய ரோஸ் ரிப்பனை அவிழ்த்துத் தலைவர் கையிலேயே கொடுக்கிறாள். அவருடைய குஷன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறாள். பையிலிருந்து நூல்கண்டும் பாதி தைத்த ஜாக்கெட்டும் வெளியே வருகின்றன. "சாயங்காலம் இத்த குடுத்தாவணும் சார்," என்றபடி நூலைக் கோத்துப் பெடலை மிதிக்கிறாள். பக்கத்து மைக் அந்தத் தடதடப்பை மண்டபம் முழுக்க இறைக்கிறது. சம்பத் ரிப்பனோடு நிற்கிறார். ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் ஜஹீரா சொல்கிறாள்: "போட்டோ வோணும்னா நீங்க குனிஞ்சு எடுங்க."